சுவரை நெருங்கியவர்கள்

முதல் வாரம்: ஆற்றுக்கு ஓடிய மனிதர்

ஓடும் வாய்க்காலில் இலையைப் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நடுவில் விழுந்த இலை விரைந்து போய்விடும். கரையோரம் விழுந்தது தயங்கித் தயங்கி நகரும். மேற்பரப்பில் இது கண்ணுக்குத் தெரிகிறது. அடியில் என்ன நடக்கிறது? 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய அறிஞர்கள் பலர் இதற்கு உறுதியான பதில் ஒன்றை வைத்திருந்தார்கள். அது தவறான பதில்.

பதில் இத்தாலியில் பிறந்தது. தொட்டியின் பக்கவாட்டில் துளை போட்டால், துளை எவ்வளவு கீழே இருக்கிறதோ அதற்கேற்ப நீர் வேகமாகப் பீறிடும் என்பது டாரிசெல்லி கண்ட விதி. டொமெனிக்கோ குல்யெல்மினி இதை அப்படியே ஆற்றுக்கும் பொருத்தினார். ஆழம் கூடக்கூட வேகமும் கூடும், ஆற்றின் அடியில்தான் நீர் மிக விரைவாக ஓடுகிறது என்றார். கணக்கு அழகாக இருந்தது. மறுக்க வேண்டுமென்றால் அளந்து காட்ட வேண்டும். அளப்பதற்கோ சரியான கருவி இல்லை. மிதவையை விட்டால் மேற்பரப்பின் வேகம் மட்டும் கிடைக்கும். ஆழத்தில் ஒரு குறிப்பிட்ட புள்ளியில் நீர் என்ன வேகத்தில் போகிறது என்று எவராலும் சொல்ல முடியவில்லை.

பிரான்சின் தெற்கே, ரோன் நதிக்கரையிலுள்ள அராமோன் என்ற சிற்றூரில் 1695இல் பிறந்தவர் ஹென்றி பிட்டோ. சிறுவயதில் படிப்பில் நாட்டமில்லை. படையில் சேர்ந்தார். பிறகு தற்செயலாகக் கைக்கு வந்த ஒரு வடிவியல் நூல் அவரைக் கணக்கின் பக்கம் திருப்பியது. பாரிஸுக்கு வந்து, ரெயோமூர் என்ற புகழ்பெற்ற விஞ்ஞானியின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகி, 1724இல் அறிவியல் கழகத்துக்குள் நுழைந்தார்.

1732இல் அவருக்கு ஒரு யோசனை வந்தது. செங்கோணமாக வளைத்த ஒரு குழாயை, வாய் நீரோட்டத்தை எதிர்த்து நிற்கும்படி ஆற்றில் இறக்கினால் என்ன ஆகும்? மோதும் நீர் குழாய்க்குள் ஏறும். எவ்வளவு வேகமாக மோதுகிறதோ அவ்வளவு உயரம். ஒரு பொருள் அந்த உயரத்திலிருந்து விழுந்தால் என்ன வேகம் பெறுமோ, அதுதான் நீரின் வேகம். யோசனை வந்த கணமே ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு ஓடினேன் என்று அவரே எழுதியிருக்கிறார். பின்னர் அதை ஒழுங்காகச் செய்தார். மரச்சட்டத்தில் இரண்டு குழாய்கள்: ஒன்று வளைந்தது, மற்றது நேரானது. இரண்டிலும் நீர் நிற்கும் மட்டத்தின் வித்தியாசமே அளவு.

பாரிஸில் ஸேன் நதிக்குள் கருவி இறங்கியது. ஆழம் கூடியபோது வேகம் குறைந்தது. பல பத்தாண்டுக் கோட்பாடு, ஒரு வளைந்த குழாயின் முன்னால் சரிந்தது. அந்த ஆண்டு நவம்பரில் அறிவியல் கழகத்தில் பிட்டோ கட்டுரையை வாசித்தார்.

இன்று விமானத்தின் மூக்கிலும் இறக்கையிலும் நீட்டிக்கொண்டிருப்பது அதே குழாயின் வழித்தோன்றல்தான். ஆனால் 1732இன் கருவிக்குப் பெரிய குறை இருந்தது. நீர் நொடிக்கு 1 மீட்டர் போனால் மட்ட வித்தியாசம் 5 சென்டிமீட்டர். நொடிக்கு 10 சென்டிமீட்டர் போனால் அரை மில்லிமீட்டர்தான். வேகம் பத்தில் ஒன்றாகும்போது அளவு நூறில் ஒன்றாகிவிடுகிறது. மட்டமோ ஓயாமல் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருக்கும்; அதையும் ஆற்றின் மேற்பரப்புக்குப் பக்கத்தில் குனிந்து படிக்க வேண்டும். கரைக்கும் அடிக்கும் அருகே, வேகம் குறையும் இடத்தில், கருவி ஊமையாகிவிடும். மர்மம் முழுவதும் ஒளிந்திருந்ததோ அந்த இடத்தில்தான்.

நூறாண்டுக்கு மேல் இதே நிலை. அதற்குள் கேம்பிரிட்ஜில் 25 வயது இளைஞர் ஒருவர், ஆற்றில் கால் நனைக்காமல், குழாய்க்குள் வேகம் எப்படி மாறுகிறது என்ற வளைகோட்டைத் தாளிலேயே கண்டுபிடித்தார். விடை மிகச் சரி. ஆனாலும் அதை நம்ப அவருக்கே துணிவு வரவில்லை. அவர் பயந்தது எதைக் கண்டு?

(தொடரும்)


இரண்டாம் வாரம்: நம்பப்படாத பரவளையம்

இளைஞரின் பெயர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ். ஆண்டு 1845.

தேனுக்கும் எண்ணெய்க்கும் நீருக்கும் பாகுநிலை உண்டு. ஓர் அடுக்கு அடுத்த அடுக்கைப் பிடித்து இழுக்கும். இந்த இழுப்பைக் கணக்கில் கொண்டுவரும் சமன்பாடுகளை ஸ்டோக்ஸ் எழுதினார். நேரான, உருண்டையான குழாய்க்கு அவற்றைத் தீர்த்தபோது வந்தது ஒரு பரவளையம். மையத்தில் வேகம் உச்சம், சராசரியைப் போலச் சரியாக இரு மடங்கு. அங்கிருந்து வளைந்து இறங்கிச் சுவரில் பூஜ்ஜியம்.

சுவரில் பூஜ்ஜியம் என்பதைச் சமன்பாடு தானாகத் தரவில்லை. நீர் சுவரை ஒட்டிக்கொண்டு அசையாமல் நிற்கிறது என்று ஸ்டோக்ஸ் வைத்துக்கொண்டார். அப்படித்தானா? அல்லது வழுக்கிக்கொண்டு போகிறதா? எவரும் பார்த்ததில்லை. எனவே விடையைப் பழைய சோதனை எண்களோடு ஒப்பிட்டார். பொஸ்ஸுவும் டு புவாவும் பிரான்சில் நீர்க்குழாய்களில் எடுத்த அளவுகள் கையில் இருந்தன. கணக்கு சொன்ன நீரளவுக்கும் குழாய் தந்த நீரளவுக்கும் கொஞ்சமும் பொருத்தமில்லை. சுவரைப் பற்றிய தன் அனுமானமே தவறோ என்று ஸ்டோக்ஸ் சந்தேகப்பட்டார். நேர்மையான ஆள் வேறென்ன செய்வார்?

அதே காலத்தில் பாரிஸில் ஒரு மருத்துவர் வேறொரு காரணத்துக்காகக் குழாய்களோடு போராடிக்கொண்டிருந்தார். ஜான் பாய்சொய்க்கு ரத்தத்தைப் பற்றித்தான் கவலை. மயிரிழை போன்ற நாளங்களில் அது எப்படி ஓடுகிறது? 0.015 மில்லிமீட்டரிலிருந்து 0.6 மில்லிமீட்டர் வரை உள்துளை கொண்ட கண்ணாடிக் குழாய்களில் நீரைச் செலுத்தி அளந்தார். விட்டத்தை இரு மடங்காக்கினால் ஓட்டம் 16 மடங்காகிறது என்று கண்டார். ஜெர்மன் பொறியாளர் காட்ஹில்ஃப் ஹாகனும் 1839இல் பித்தளைக் குழாய்களில் இதே முடிவுக்கு வந்திருந்தார். ஸ்டோக்ஸின் பரவளையத்தைக் குழாய் முழுக்கக் கூட்டிப் பார்த்தால் வருவதும் அந்த 16 மடங்குதான். சிறு குழாய்களில் பரவளையம் கச்சிதமாகப் பொருந்தியது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹாகனும் பாய்சொயும் அளந்தது வெளியே விழுந்த மொத்த நீரை. மொத்தம் என்பது ஒற்றை எண். குழாய்க்குள் மையத்தில் எவ்வளவு, ஓரத்தில் எவ்வளவு என்ற பங்கீட்டை அது காட்டாது. பரவளையத்தை எவரும் இன்னும் கண்ணால் காணவில்லை.

குழாய்க்குள் கருவியைக் கொண்டுபோனவர் ஹென்றி டார்சி. டிஜோன் நகரக்காரர். தன் ஊருக்கு 1840இல் ஊற்று நீரைக் குழாய்வழியே கொண்டுவந்தவர். 1848 அரசியல் கொந்தளிப்பில் ஊரைவிட்டு மாற்றப்பட்டுப் பாரிஸுக்கு வந்தார். அங்கே ஷாயோ நீரேற்று நிலையத்தில் 1849 முதல் 1851 வரை வார்ப்பிரும்பு, ஈயம், கண்ணாடி, தார் பூசிய தகடு என்று வகைவகையான குழாய்களில் சோதனை நடத்தினார்.

பிட்டோவின் கருவியை அவர் மாற்றியமைத்த விதம் இன்றைக்கும் மெச்சத் தக்கது. குழாயின் வாயை மிகச் சிறிதாக்கினார். மட்டத்தின் ஆட்டம் அடங்கியது. இரு குழாய்களையும் ஒரே நேரத்தில் மூடும் திருகு வைத்தார்; அளவைப் பிடித்துவைத்து நிதானமாகப் படிக்கலாம். மேலிருந்து காற்றை உறிஞ்சி இரண்டு நீர்த்தம்பங்களையும் கண்மட்டத்துக்கு உயர்த்தினார். இரண்டும் ஒன்றாக உயர்வதால் வித்தியாசம் மாறாது. குனிய வேண்டியதில்லை.

இதைக் குழாயின் குறுக்கே நகர்த்தி, இடத்துக்கு இடம் வேகத்தை எடுத்தார். கிடைத்த வளைகோடு பரவளையம் இல்லை. அதைவிடத் தட்டையானது. நடுப்பகுதியில் வேகம் மெல்லத்தான் இறங்குகிறது. பெருவீழ்ச்சி எல்லாம் சுவரோரத்தில்.

இன்னொன்றும் கண்டார். சுவரில் ஒட்டிய நீர்ப்படலத்தின் மேல்தான் மற்ற நீர் உரசுகிறது, ஆகவே சுவர் சொரசொரப்பா வழவழப்பா என்பது ஒரு பொருட்டில்லை என்று பிரோனி போன்ற மூத்தவர்கள் நம்பியிருந்தார்கள். டார்சி, அழுக்குப் படிந்த பழைய குழாயை அளந்தார். பிறகு அதையே சுரண்டிச் சுத்தம் செய்து மீண்டும் அளந்தார். வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். முடிவுகள் 1857இல் நூலாயின. அடுத்த ஆண்டு சனவரியில் அவர் இறந்துபோனார்.

இப்போது நிலைமையைப் பாருங்கள். கண்ணாடி மயிரிழைக் குழாயில் ஒரு விதி; நகரின் நீர்க்குழாயில் வேறு விதி. இரண்டு சோதனைகளிலும் பிழை இல்லை. நீர் எப்போது எந்த விதிக்குக் கட்டுப்படுகிறது? ஹாகன் பின்னொரு முறை கண்ணாடிக் குழாய்க்குள் மரத்தூளைக் கலந்து விட்டுப் பார்த்தார். மெதுவான ஓட்டத்தில் தூள் நேர்கோட்டில் போயிற்று. அழுத்தத்தைக் கூட்டியதும் பக்கத்துக்குப் பக்கம் எறியப்பட்டுச் சுழன்றது. கதவின் பிடியில் கை வைத்துவிட்டார் ஹாகன். திறந்தவர் அவர் இல்லை.

(தொடரும்)


மூன்றாம் வாரம்: மின்பொறி காட்டிய சுருள்கள்

மான்செஸ்டரின் ஓவன்ஸ் கல்லூரி. ஆறடி நீளத் தொட்டி, பக்கங்கள் கண்ணாடி. உள்ளே கிடையாக ஒரு கண்ணாடிக் குழாய். அதன் வாய் எக்காளம் போல் விரிந்தது. தொட்டியில் நீரை நிரப்பி, அசைவு அடங்கும்வரை மணிக்கணக்கில் காத்திருந்தார் பேராசிரியர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ். பிறகு வால்வைத் திறந்து, குழாயின் வாயில் ஒரு கீற்றுச் சாயத்தைச் செலுத்தினார்.

மெதுவான ஓட்டத்தில் சாயம் குழாயின் நீளம் முழுக்க ஒரே நேர்கோடாக நின்றது. வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டினார். கோடு நின்றது. இன்னும் கூட்டினார். சட்டென்று, வாயிலிருந்து சிறிது தூரத்தில் கோடு உடைந்து, குழாய் முழுவதும் நிறம் பரவியது. அந்தக் கலங்கலை இருட்டில் மின்பொறி வெளிச்சத்தில் பார்த்தபோது அது கலங்கலாக இல்லை; தனித்தனிச் சுருள்களாக, சுழல்களாகத் தெரிந்தது.

1883இல் வந்த கட்டுரையில் ரெனால்ட்ஸ் விதியைச் சொன்னார். வேகத்தை விட்டத்தால் பெருக்கிப் பாகுநிலையால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும்; அதுதான் ரெனால்ட்ஸ் எண். பாகுநிலையை இங்கே அடர்த்தியால் வகுத்து எடுத்துக்கொள்ள வேண்டும். எண் சுமார் 2,000க்குக் கீழே இருந்தால் எந்தக் குழப்பமும் தானே அடங்கி வரிச்சீர் ஓட்டமாகிவிடும். அதற்கு மேலே சுழற்சி ஓட்டம் தலைதூக்கலாம். தொந்தரவே இல்லாமல் பார்த்துக்கொண்டால் 13,000 வரைகூடக் கோடு உடையாமல் தாங்கும் என்றும் கண்டார். ஸ்டோக்ஸின் குழப்பமும் இதோடு தீர்ந்தது. பொஸ்ஸுவின் குழாய்களில் ஓடியது சுழற்சி ஓட்டம். பாய்சொயின் இழைகளில் ஓடியது வரிச்சீர் ஓட்டம்.

நம் வீட்டு அரை அங்குலக் குழாயில் 2,000 என்ற எண் வர, நீர் நொடிக்குச் சுமார் 13 சென்டிமீட்டர் போனால் போதும். அந்த வேகத்தில் 15 லிட்டர் வாளி நிரம்பப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். அதைவிடச் சீக்கிரம் நிரம்பினால் உள்ளே சுழல்கள் பிறப்பதற்கு இடம் வந்துவிட்டது என்று பொருள். இரண்டு நிமிடத்தில் நிரம்பினால் சந்தேகமே வேண்டாம்.

இதே எண்கள் இன்னொரு சங்கடத்தையும் சொல்கின்றன. இரண்டரை சென்டிமீட்டர் குழாயில் வரிச்சீர் எல்லையிலேயே நீரை ஓட்டினாலும் மையத்தில் வேகம் நொடிக்கு 16 சென்டிமீட்டர்தான். பிட்டோ குழாயில் அது 1.3 மில்லிமீட்டர் உயரம். சுவரை நோக்கி நகர்ந்து வேகம் கால் பங்கானால் உயரம் பதினாறில் ஒரு பங்கு. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பரவளையம் ஓடும் இடத்தில் கருவி படிக்காது. கருவி நன்றாகப் படிக்கும் இடத்தில் பரவளையம் இருக்காது.

எனவே அடுத்த தலைமுறை சுழற்சி ஓட்டத்தையே குறிவைத்தது. அதிலும் கேள்வி அதே: சுவரை ஒட்டி என்ன இருக்கிறது? இவ்வளவு சுழல்களுக்கு நடுவிலும் நீரோ காற்றோ சுவரில் நிற்கத்தான் செய்கிறதா?

லண்டனை அடுத்த டெடிங்டனில் தேசிய இயற்பியல் ஆய்வகம். அங்கே தாமஸ் ஸ்டான்டன், மாணவப் பருவத்தில் ரெனால்ட்ஸின் கூடத்தில் பழகியவர், 1920இல் தன் தோழர்களோடு ஒரு தந்திரம் செய்தார். எவ்வளவு மெல்லிய பிட்டோ குழாயானாலும் அதற்கு ஒரு பருமன் உண்டு. அதன் கீழ்ச்சுவர் குழாயின் சுவரில் முட்டிவிடும். கீழ்ச்சுவரையே எடுத்துவிட்டால்? பெருங்குழாயின் சுவரே கருவியின் ஒரு பக்கமாக ஆகட்டும். திறப்பு ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு. மனிதன் அதுவரை எட்டாத நெருக்கத்துக்கு அந்தக் கருவி போயிற்று. சுவரை நெருங்க நெருங்க வேகம் பூஜ்ஜியத்தை நோக்கி இறங்குவதைக் காட்டியது. சுழல்களுக்கு அடியில், சுவரை ஒட்டி, பாகுநிலை ஆட்சிசெய்யும் மெல்லிய படலம் ஒன்று உண்டு.

இதில் பெரிய விஷயம், கருவியை அவர்கள் சோதித்த விதம். விடை ஏற்கெனவே தெரிந்த வரிச்சீர் ஓட்டத்தில் அதை வைத்துப் பார்த்தார்கள். அது காட்டிய வேகம், அதன் திறப்பின் நடுப்புள்ளியில் உள்ள வேகமாக இல்லை. சுவரிலிருந்து இன்னும் தள்ளி, சில நேரம் திறப்புக்கே வெளியே இருக்கும் புள்ளியின் வேகமாக இருந்தது. கருவி ஓரிடத்தில் நிற்கிறது. வேறிடத்துச் செய்தியைச் சொல்கிறது. அளப்பதற்காக உள்ளே நுழைந்தவன் ஓட்டத்தையே வளைத்துவிடுகிறான்.

இந்தப் பிழையைத் தெரிந்துகொண்டே சுவரை நோக்கிப் போனவர்களில் ஒருவர் அடுத்த பத்தாண்டுகளில் எடுத்த அளவுகள் இன்றும் உலகின் பொறியியல் பாடநூல்களில் உள்ளன. அளவுகள் வெளியான மறு ஆண்டே அவர்மேல் உளவாளி என்று குற்றம் சாட்டப்பட்டது. ஆய்வகத்தை விட்டும் வெளியேற்றப்பட்டார்.

(தொடரும்)


நான்காம் வாரம்: மணல் ஒட்டிய குழாய்கள்

யொஹான் நிக்குராட்ஸே ஜார்ஜிய நாட்டுக்காரர். 1894இல் சம்ட்ரெடியாவில் பிறந்து, ஜெர்மனியின் கோட்டிங்கனுக்கு வந்து, லுட்விக் பிராண்டலிடம் 1923இல் முனைவர் பட்டம் பெற்றார். பிராண்டல் சாதாரண ஆசான் இல்லை. எந்தப் பரப்பின் மேல் ஓடினாலும் பாய்மத்தின் விதி அந்தப் பரப்பை ஒட்டிய மெல்லிய அடுக்கில்தான் எழுதப்படுகிறது என்று 1904இல் சொன்னவர். அவருடைய ஆய்வகத்துக்கு எண்கள் வேண்டியிருந்தன, பெருவேகத்தில், சுவருக்கு மிக அருகில்.

அதே சமயம் ஆஃகனில் பிராண்டலின் பழைய மாணவர் தியோடோர் ஃபான் கார்மான். ஆசானும் மாணவரும் ஒரே விதியைத் தேடினார்கள்: சுழற்சி ஓட்டத்தின் வேக வளைகோடு எந்தச் சூத்திரத்துக்குக் கட்டுப்படுகிறது? நட்பு குறையாத போட்டி, ஆனால் போட்டிதான். கார்மானின் சுயசரிதையில் ஒரு காட்சி உண்டு. எல்லை தாண்டி வால்ஸில் இருந்த தன் வீட்டிலிருந்து, உதவியாளர் வாட்டன்டார்ஃபை வழியனுப்பக் கடைசி டிராம் நிற்கும் இடத்துக்கு வந்தார். பேச்சின் நடுவே சூத்திரம் பிடிபட்டுவிட்டது. தாளைத் தேடவில்லை, டிராமின் பக்கவாட்டிலேயே எழுதத் தொடங்கினார். நடத்துநர் பொறுமையிழந்து காத்திருந்தார்.

எழுதப்பட்டது மடக்கை விதி. சுவரிலிருந்து தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் வேகம் ஒரே அளவு கூடும் என்பது அதன் சாரம். அந்த அளவைத் தீர்மானிக்கும் எண் ஒன்று உண்டு, பின்னாளில் கார்மான் மாறிலி என்று பெயர் பெற்றது. 1930இல் ஸ்டாக்ஹோம் மாநாட்டில் கார்மான் இதை உலகுக்குச் சொன்னார். பிராண்டல் பிந்திவிட்டார். ஆனால் இருவருக்கும் உரைகல் ஒன்றுதான்: நிக்குராட்ஸேயின் அளவுகள்.

0.2 மில்லிமீட்டர் உள்துளை கொண்ட பிட்டோ குழாயைக் கொண்டு அவர் அளந்தார். ரெனால்ட்ஸ் எண் 32 லட்சம் வரை நீரை ஓட்டினார். வழவழப்பான குழாய்களின் முடிவுகள் 1932இல் வந்தன. புள்ளிகளை மடக்கைத் தாளில் குறித்தால் அச்சில் வார்த்தது போல் ஒரே நேர்கோடு. மாறிலி 0.40.

அடுத்து டார்சி விட்டுப்போன கேள்வி, சொரசொரப்பு. துருவும் சுண்ணாம்பும் குழாய்க்குக் குழாய் வேறுபடும். அவற்றுக்கு அளவுகோல் கிடையாது. நிக்குராட்ஸே சொரசொரப்பைத் தானே தயாரித்தார். சல்லடையில் சலித்து ஒரே அளவான மணலைப் பிரித்தார். குழாய்க்குள் ஜப்பானிய அரக்கை ஊற்றி வடித்து, சற்றே காயவிட்டு, மணலை நிரப்பிக் கொட்டினார். உட்சுவரில் ஓர் அடுக்கு மணல் ஒட்டிக்கொள்ளும். வாரக்கணக்கில் உலரவிட்டு, மணல் உதிராமலிருக்க மீண்டும் ஓர் அரக்குப் பூச்சு. இரண்டரை, ஐந்து, பத்து சென்டிமீட்டர் குழாய்கள், 0.1 முதல் 1.6 மில்லிமீட்டர் வரை மணல். இந்தப் பொறுமையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மனிதர்மேல் மரியாதை கூடுகிறது.

1933இல் வெளியான முடிவு தெளிவாக இருந்தது. மெதுவான ஓட்டத்தில் மணல் கண்ணுக்கே தெரியாதது போல் நீர் நடந்துகொள்கிறது. சுவரோரப் படலம் மணலை மூடிவிடுகிறது. வேகம் கூடக்கூடப் படலம் மெலிந்து, மணல் தலைநீட்டி, கடைசியில் உராய்வை மணலின் அளவு மட்டுமே தீர்மானிக்கிறது. பிரோனியும் சரி, டார்சியும் சரி, அவரவர் எல்லைக்குள். நகரங்களுக்கு நீர்க்குழாய் வடிவமைப்பவர்கள் இன்று கையாளும் வரைபடங்களுக்கு அடித்தளம் இந்த மணல் குழாய்கள்தாம்.

ஆனால் 1933 ஜெர்மனியில் நாஜிகள் ஆட்சிக்கு வந்த ஆண்டு. ஆய்வகத்தில் நாஜி ஊழியர் அமைப்பினர் நிக்குராட்ஸேயை சோவியத் உளவாளி என்றார்கள். நூலகப் புத்தகங்களைத் திருடினார் என்றும் சொன்னார்கள். விந்தை என்னவென்றால், நிக்குராட்ஸே தாமும் நாஜிகளின் ஆதரவைத் தேடிக்கொண்டவர்தான். பிராண்டல் முதலில் அவருக்காக வாதாடினார். 1934இல் வேறு வழியின்றி வேலையிலிருந்து நீக்கினார். நிக்குராட்ஸே பிரெஸ்லாவுக்குப் பேராசிரியராகப் போனார். கோட்டிங்கன் குழாய்களை மீண்டும் தொட வாய்ப்பில்லை.

எண்கள் மட்டும் அவரைவிட வேகமாகப் பயணம் செய்தன. போர் முடிந்தபின் அவற்றை வரிவரியாக ஆராய்ந்தவர்களில் சிலர் ஓரிடத்தில் நின்றுவிட்டார்கள். வழவழப்பான குழாயின் வளைகோட்டில், சுவரை ஒட்டிய புள்ளிகள் அளவுக்கு மீறி ஒழுங்காக இருந்தன. ஸ்டான்டன் கண்ட மெல்லிய படலம் அங்கே தெரியவே இல்லை. மடக்கைக் கோடு சுவர்வரை நீண்டது. அந்தப் புள்ளிகள் திருத்தப்பட்டவை என்ற விமர்சனம் 1940களின் இறுதியில் எழுந்தது. பிட்டோ குழாய் சுவரருகே தூரத்தைப் பிழையாகக் காட்டும் என்பதால் செய்த திருத்தமா, கோட்பாட்டுக்கு இசைவாகச் செய்த திருத்தமா?

எதுவானாலும் அதைத் தீர்க்க ஒரே வழி, ஓட்டத்தைத் தொடாமல் அளப்பது.

(தொடரும்)


ஐந்தாம் வாரம்: தொடாமல் தொட்டது

முதலில் கருவியைச் சிறிதாக்கிப் பார்த்தார்கள். மின்சாரத்தால் சூடேற்றிய மெல்லிய கம்பியைக் காற்றோட்டத்தில் வைத்தால் அது குளிரும். குளிரும் அளவு வேகத்தைச் சொல்லும். இதன் கணக்கைக் கனடாவில் கிங் என்பவர் 1914இலேயே எழுதியிருந்தார். அமெரிக்காவின் தேசியத் தரநிலை அலுவலகத்தில் ஜான் லாஃபர், 10 அங்குல விட்டக் குழாயில் காற்றை ஓட்டி, சூட்டுக்கம்பியால் அளந்து 1954இல் வெளியிட்டார். சராசரி வேகத்தோடு நொடிக்கு நொடி அலையும் வேகமும் பதிவானது. சுழல்களின் ஆற்றல் பெரும்பாலும் சுவருக்கு மிக அருகிலேயே பிறப்பதை அது காட்டியது. ஆனாலும் கம்பி உள்ளேதான் நிற்கிறது. சுவருக்கு அருகில் போனால் அதன் சூடு சுவருக்கும் கசிகிறது. வேகம் இல்லாத இடத்தில் வேகம் இருப்பதாகக் காட்டும்.

1964இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் யேவும் கம்மின்ஸும் செய்தது வேறு. ஹீலியம்-நியான் லேசர் அப்போது சில ஆண்டுக் குழந்தை. குழாயில் ஓடும் நீரில் கண்ணுக்குத் தெரியாத பாலிஸ்டைரின் உருண்டைகளைத் தூவினார்கள். லேசர் ஒளி அவற்றில் பட்டுச் சிதறும். நகரும் உருண்டையில் பட்ட ஒளியின் அதிர்வெண் மிகமிகச் சிறிதாக மாறும். நொடிக்குப் பல லட்சம் கோடி முறை அதிரும் ஒளியில் சில ஆயிரம் அதிர்வு கூடினதா குறைந்ததா என்று எப்படிப் பார்ப்பது? மாறாத ஒளியையும் மாறிய ஒளியையும் ஒன்றாகச் சேர்த்து ஓர் உணரியில் விழவிட்டார்கள். இரண்டின் வித்தியாசம் விம்மலாகக் கேட்டது. அந்த விம்மலின் வீதம்தான் வேகம்.

நொடிக்கு 0.007 சென்டிமீட்டர் வரை அளக்க முடிந்தது. பிட்டோ குழாய் இதைக் காட்ட வேண்டுமானால் ஓர் அணுவின் விட்டத்தைவிட ஓரிரு மடங்கு உயரத்தைப் படிக்க வேண்டியிருக்கும். ஒளிப்புள்ளியைக் குழாயின் குறுக்கே நகர்த்தினார்கள். வரிச்சீர் ஓட்டத்தின் வளைகோடு புள்ளிபுள்ளியாக எழுந்து வந்தது. ஸ்டோக்ஸ் நம்பத் தயங்கிய அந்தப் பரவளையம்தான்.

சுழற்சி ஓட்டத்தில் கதை இன்னும் முடியவில்லை. மடக்கை விதி எந்த வேகத்துக்கும் செல்லுமா? சோதிக்க நிக்குராட்ஸேயை விடப் பத்து மடங்கு உயர்ந்த ரெனால்ட்ஸ் எண் வேண்டும். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் ஸ்மிட்ஸும் மார்க் ஸகரோலாவும் குழாயைப் பெரிதாக்கவில்லை, காற்றை அழுத்தினார்கள். சுமார் 200 மடங்கு வளி அழுத்தத்தில், வெறும் 13 சென்டிமீட்டர் விட்டக் குழாயில், எண் மூன்றரைக் கோடியைத் தொட்டது. கையில் இருந்த கருவி 0.9 மில்லிமீட்டர் பிட்டோ குழாய்.

1997-98இல் முடிவு வந்தது. மாறிலி 0.40 இல்லை, 0.436 என்றார்கள். மடக்கைப் பகுதி தொடங்குவதும் எல்லாரும் நினைத்ததைவிடச் சுவரிலிருந்து வெகு தள்ளி.

சிறு வித்தியாசம் போலத் தோன்றலாம். விமான இறக்கை, கப்பலின் அடிப்பாகம், எண்ணெய்க் குழாய் என்று எங்கெல்லாம் உராய்வைக் கணக்கிடுகிறார்களோ அங்கெல்லாம் இந்த எண் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. புயல் கிளம்பியது. பேரன்பிளாட்டும் கோரினும் மடக்கை விதியே பொதுவானது இல்லை, அடுக்குக்குறி விதிதான் பொருந்தும் என்றார்கள். அவ்வளவு அழுத்தத்தில் சுவரோரப் படலம் மைக்ரானுக்கும் கீழே மெலிகிறது. மெருகேற்றிய சுவரின் கீறல்கூட அங்கே மலையாகிவிடும் என்றார்கள் வேறு சிலர். இன்னும் சிலர் பழைய குற்றவாளியையே சுட்டினார்கள்: பிட்டோ குழாய் தான் நிற்கும் இடத்தின் வேகத்தைக் காட்டுவதில்லையே, அதற்கான திருத்தம் சரிதானா? 0.3 மில்லிமீட்டர் குழாயைக் கொண்டு மீண்டும் அளந்தார்கள். 2004இல் மாறிலி 0.421க்கு இறங்கியது. ஓட்டம் மாறவில்லை, கருவி சிறியதானதும் திருத்தம் செம்மையானதும்தான் மாற்றம்.

பிரின்ஸ்டன் குழுவினர் பிறகு சிலிக்கான் சில்லு செய்யும் முறையில் ஒரு சூட்டுக்கம்பி செய்தார்கள். நீளம் 60 மைக்ரான், தடிமன் 0.1 மைக்ரான். அதையும் பிட்டோ குழாயையும் பல முறைகளில் ஒப்பிட்டு, ஒவ்வொரு பிழையும் மாறிலியை எவ்வளவு அசைக்கும் என்று கணக்கிட்டு, 2014இல் வெளியிட்டார்கள். 0.40, கூடவோ குறையவோ 0.02. கோட்டிங்கன் எண்ணுக்கே திரும்பி வந்தாயிற்று, இந்த முறை அதன் நிச்சயமின்மையும் சேர்த்து.

அந்த 0.02ஐக் குறைக்க வேண்டுமானால் கருவியைச் சிறிதாக்கிக்கொண்டே போவதற்குப் பதில் ஓட்டத்தைப் பெரிதாக்க வேண்டும். இத்தாலியின் பிரெடாப்பியோவில், 1930களில் கப்ரோனி விமானத் தொழிற்சாலைக்காக மலைக்குள் குடைந்த சுரங்கங்கள் உண்டு. போலோன்யா பல்கலைக்கழகத்தார் அவற்றில் ஒன்றுக்குள் 90 சென்டிமீட்டர் விட்டமும் சுமார் 110 மீட்டர் நீளமும் கொண்ட குழாயைக் கிடத்தியிருக்கிறார்கள். உள்ளே சாதாரண அழுத்தக் காற்று. சுற்றிலும் பாறை, வெப்பநிலை அலையாது. முழு வேகத்தில் ஓட்டினாலும் சுவரோர ஓட்டத்தின் மிகச்சிறிய நீள அலகு 10 மைக்ரானுக்குக் குறையாதபடி வடிவமைத்தார்கள். சாதாரணச் சூட்டுக்கம்பியாலேயே அங்கே படலத்துக்குள் நுழைய முடிகிறது. அளவுகள் வந்துகொண்டிருக்கின்றன.

(முற்றும்)